புல்லட்டை அழிச்சுப் பண்ணலாமா?

(தலைப்பு: பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பெருமை, அதை அப்படியே காப்பதிலா? காலத்துக்கேற்ப மாற்றுவதிலா? ‘காப்பதிலே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)



எனக்கு முன்னால பேசின எதிரணித் தம்பி ஒரு போடு போட்டாரு. “மோட்டார் சைக்கிள் ஓட்டறதுக்கா, ஆரத்தி எடுக்கறதுக்கா?”ன்னு கேட்டாரு. நீங்க எல்லாம் கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன். (சிரிப்பு) நல்ல கேள்விதானே! ஆனா கேட்ட கையோட ரம்பத்தை எடுத்துக்கிட்டு வண்டிப் பக்கம் போறாரே, அங்கேதான் எனக்கு வயித்தைக் கலக்குது.

இது ஆம்பளைங்க விவகாரம்னு தாய்மார்கள் யாரும் சேனலை மாத்திட வேண்டாம். உங்களுக்குத்தான் இந்த விஷயம் எங்களைவிட நல்லாத் தெரியும். பாட்டி போட்டிருந்த அட்டிகையை எடுத்துக்கிட்டு நகைக்கடைக்குப் போறீங்க. கடைக்காரர் அதை அப்படித் திருப்பி இப்படித் திருப்பிப் பார்த்துட்டு, “பழைய மாடல்ம்மா, அழிச்சுப் பண்ணிடலாம்”ங்கிறாரு. செய்கூலி சேதாரமெல்லாம் போக ஒரு நெக்லஸ் வருது. பளபளன்னு நல்லாத்தான் இருக்கு. ஆனா கல்யாண போட்டோவுல பாட்டி கழுத்துல இருக்கிற அந்த அட்டிகை எங்கேன்னு பேத்தி கேட்டா, எதைக் காட்டுவீங்க? தங்கம் அதே தங்கம்தான். ஆசாரி கையில உருவான அந்தப் பொருள் போயே போச்சு. எதிரணி இன்னைக்குச் சொல்றது இந்த ‘அழிச்சுப் பண்றது’தான்.

நான் எல்லா வண்டியையும் பத்திப் பேசப் போறதில்லை. நம்ம ஊர் வண்டி ஒண்ணை எடுத்துக்கறேன். புல்லட்.

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்துக் கம்பெனி. ரெட்டிச்னு ஒரு ஊர்ல இருந்தது. 1932லேயே ‘புல்லட்’ங்கிற பேரை வண்டிக்கு வச்சுட்டாங்க. சுதந்திரத்துக்குப் பிறகு, எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி வேணும்னு நம்ம ராணுவம் புல்லட்டை வாங்கிச்சு. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கினாங்க. திருவொற்றியூர்ல தொழிற்சாலை. முதல்ல பாகம் பாகமா கப்பல்ல வந்ததைப் பூட்டினாங்க. அப்புறம் இங்கேயே செஞ்சாங்க. இதுக்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ரெட்டிச் தொழிற்சாலையை 1967ல மூடிட்டாங்க. 1970க்குப் பிறகு இங்கிலாந்துல அந்த வண்டி தயாரிப்பே கிடையாது. பொறந்த வீடு பூட்டியாச்சு, புகுந்த வீட்ல விளக்கு எரியுது! (கைத்தட்டல்) 1977ல திருவொற்றியூர்லேர்ந்து இங்கிலாந்துக்கே புல்லட்டை ஏற்றுமதி பண்ணினோம் ஐயா. வெள்ளைக்காரன் செஞ்ச வண்டியை, அவன் மறந்த பிறகு, அவனுக்கே செஞ்சு வித்தது நம்ம திருவொற்றியூர் தொழிலாளி.

அதனால பழைய புல்லட் ஒரு வாகனம் மட்டும்தான்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். அதுல எழுத்து இருக்கு. படிக்கத் தெரியணும். வலது காலுக்குக் கியர், இடது காலுக்கு பிரேக். ஒண்ணு மேலே, மூணு கீழே. நியூட்ரலுக்குன்னே குதிகாலால மிதிக்க ஒரு தனிக் கட்டை. இது பழைய இங்கிலாந்துப் பழக்கம். ஹெட்லைட்டுக்கு ரெண்டு பக்கமும் பூனைக்குட்டி கண்ணு மாதிரி ரெண்டு சின்ன விளக்கு. டேங்க்ல ஓடுற தங்கக் கோடு இருக்கே, அது மெட்ராஸ்ல ஒரு ஆள் உட்கார்ந்து, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, பிரஷ்ஷால கையால இழுத்தது. அந்தக் கோட்டுக்கு மேலதான் எதிரணி மேட் பிளாக் அடிக்கணும்ங்குது!

சரி, எதிரணி தலைவர் சொன்னதுலேயே பலமான ஒரு வாதம் இருக்கு. அதைத் தொடாமப் போனா நடுவர் என்னை விட மாட்டார். 1950கள்லேயும் 60கள்லேயும் லண்டன்ல ஏஸ் கஃபேன்னு ஒரு டீக்கடை. அங்கே கூடின பையன்கள் ஹேண்டில்பாரைத் தாழ்த்தினாங்க, டிரையம்ப் இன்ஜினைக் கழட்டி நார்ட்டன் ஃப்ரேம்ல மாட்டி ‘டிரைட்டன்’னு பேர் வச்சாங்க. அதைப் பார்த்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியே 1964ல கான்டினென்டல் ஜிடின்னு ஒரு வண்டி விட்டுச்சு. அந்த டிரைட்டனை இன்னைக்குப் பொக்கிஷமா வச்சிருக்காங்க. “மாத்தினதுதானே இப்போ பழம்பெருமை ஆச்சு?”ன்னு தலைவர் கேட்டாரு. நியாயம்தான். மாத்தறதும் ஒரு கலை. நான் இல்லேங்கல.

ஆனா அந்தப் பையன்கள் எதை வெட்டினாங்க? அன்னைக்குத் தெருவுக்குத் தெரு ஓடின வண்டியை வெட்டினாங்க. தொழிற்சாலையில அது வந்துக்கிட்டே இருந்தது. ஒண்ணு போனா இன்னொண்ணு. நம்ம கதை அப்படியா? பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டை 2010 வாக்குல நிறுத்தியாச்சு. மைசூர்ல 1961லேர்ந்து ஜாவா, யெஸ்டி வண்டி செஞ்ச தொழிற்சாலை 1996லேயே மூடியாச்சு. இப்போ ஜாவாங்கிற பேர்ல புது வண்டி வருது. அந்த மைசூர் வண்டி இனிமே வராது. இருக்கிறது இருக்கிறதுதான். மாத்தணும்னு கை அரிக்குதா? ஒரகடத்துலேயும் வல்லம் வடகால்லேயும் புது வண்டி வந்துக்கிட்டே இருக்கு. புதுசை வாங்கி உங்க ஆசைப்படி அழகு பண்ணுங்க. 1962 மாடல் மேல கை வைக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

எங்க ஊர்ல ஒரு அம்மா. வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார்; முப்பது வருஷம் ஒரே புல்லட். தெருமுனையில அந்தச் சத்தம் கேட்டதும் இந்த அம்மா தோசைக்கல்லை அடுப்புல வைப்பாங்களாம். அவர் வாசல்ல வண்டியை நிறுத்திக் கால் கழுவிட்டு வரவும் முதல் தோசை வேகவும் சரியா இருக்குமாம். அவர் காலமாயிட்டார். பையன் வெளியூர்ல வேலை. அப்பா ஞாபகமா வண்டியை ஓட்டணும்னு ஆசைப்பட்டு எடுத்துக்கிட்டுப் போனான். ஆசையில தப்பே இல்லை. ஆனா பின்பக்கத்தை வெட்டி, ஒத்தை சீட் போட்டு, நீள சைலன்சரைக் கழட்டிட்டு முழ நீளக் குழாய் மாட்டிக்கிட்டு வந்தான். தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் அம்மாவை ஒரு ரவுண்டு கூட்டிக்கிட்டுப் போகலாம்னு பார்த்தா, பின்னாடி உட்கார இடமே இல்லை. (சிரிப்பு) நீங்க சிரிக்கிறீங்க. அந்த அம்மா சிரிக்கலை. “தெருவுல யார் வண்டியோ வருதுன்னு நெனைச்சேன்டா”ன்னு மட்டும் சொன்னாங்க. வெட்டின கம்பி பட்டறைக்காரர் மூலமா காயலான் கடைக்குப் போயாச்சு. திரும்பக் கேட்டா யார் கொடுப்பா?

அந்தச் சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு ஒரு நிமிஷம் சொல்லிடறேன். ஒரே சிலிண்டர். அகலம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கற தூரம் 90 மில்லிமீட்டர். ஒல்லியா, உயரமா ஒரு இன்ஜின். உள்ளே கனமான ஃப்ளைவீல். ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் பெட்ரோல் வெடிக்கும். அதனால மெதுவா, இடைவெளி விட்டு, டப்... டப்... டப்னு நிதானமாப் பேசும். சத்தத்தைக் கூட்டறேன்னு குழாயை மாத்தினா காது மட்டும் போறதில்லை. புகை சுலபமா வெளியே போனா, உள்ளே காத்து அதிகமா வரும். கார்புரேட்டர் ஜெட்டை மாத்தாம விட்டா பெட்ரோல் பத்தாது. இன்ஜின் சூடேறி, ஒருநாள் நெடுஞ்சாலையில பிஸ்டன் பிடிச்சுக்கிட்டு நிக்கும். பின்பக்க ஷாக் அப்சார்பரை எடுத்துட்டு மொட்டையா வைக்கிறது ஒரு ஃபேஷன். 1949 மாடல் புல்லட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்தப் பின்பக்க ஸ்பிரிங்தான். அதையா வெட்டறது? முன் ஃபோர்க்கை நீட்டினா வண்டி திரும்பவே யோசிக்கும். நம்ம ஊர்ல குறுக்கே வர்ற எருமை யோசிக்காது. (கைத்தட்டல்)

இப்போ எங்க அணியிலேயே சிலரை நான் திட்ட வேண்டியிருக்கு, நடுவர் மன்னிக்கணும். காப்பாத்தறேன்னு சொல்லிட்டு வண்டியை மூட்டையாக் கழட்டி, எல்லாத்துக்கும் குரோமியம் பூசி, டேங்கைச் சுரண்டி, கம்பெனியே பார்க்காத பளபளப்புல கொண்டு வந்து நிறுத்தறாங்க. கோயில் திருப்பணின்னு சொல்லி மணலை வீசித் தூணைச் சுத்தம் பண்ணினாங்களே, ஞாபகம் இருக்கா? கல்லு வெளுத்துச்சு, மேல இருந்த எழுத்தும் சிற்பத்தோட மூக்கும் தேய்ஞ்சுது. கல்வெட்டு அறிஞர்கள் கத்தினாங்க. வண்டிக்கும் அதே கதைதான். பெயிண்ட் மங்கினா மங்கட்டும். துரு பரவாம எண்ணெய் தடவுங்க, போதும். தாத்தா முழங்கால் உரசி உரசி டேங்க்ல ஒரு இடம் தேய்ஞ்சிருக்கும். அதை எந்தப் பெயிண்டரும் திரும்பப் போட்டுத் தர முடியாது.

அப்போ எதையுமே தொடக்கூடாதான்னு கேட்பீங்க. தொடுங்க ஐயா! டயர் புதுசு போடுங்க. பிரேக் லைனிங் மாத்துங்க. ஒயரிங் உளுத்துப் போச்சுன்னா புதுசா இழுங்க. முன்னாடி விளக்கு மினுக் மினுக்னா நல்ல பல்பு மாட்டுங்க. பொண்டாட்டி பிள்ளையை ஏத்திக்கிட்டு இருட்டுல போறவனுக்கு வெளிச்சம் வேணும். ஸ்பேனரால கழட்டி, நாளைக்கு ஸ்பேனராலேயே பழையபடி மாட்ட முடியுமா? செய்யுங்க. ரம்பமும் வெல்டிங்கும் வேணும்னா அங்கே நில்லுங்க.

சட்டமும் பக்கத்துல நிக்குது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்.சி. புக்ல இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுங்குது. 2019ல உச்ச நீதிமன்றமும் கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்த முடியாதுன்னு சொல்லிடுச்சு. அதே வருஷத் திருத்தத்துல, செஞ்ச ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாசம் வரைக்கும் சிறையோ விதிக்கலாம்னு வந்துச்சு. இன்னொரு பக்கம், 2021ல மத்திய அரசு ஒரு விதி போட்டுச்சு. ஐம்பது வருஷத்துக்கு மேலான வண்டி, சேசிஸோ இன்ஜினோ மாத்தப்படாம அசல் வடிவத்துல இருந்தா, அதை ‘விண்டேஜ்’னு பதிவு பண்ணிக்கலாம். நம்பர் பிளேட்ல விஏன்னு எழுத்து வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிஞ்சா தினசரி வேலைக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாது. அது ஒரு குறைதான், மறைக்கலை. ஆனா வெட்டின வண்டிக்கு அந்த வாசலே திறக்காது.

நடுவர் மணியில கை வைக்கிறாரு. அரை நிமிஷம் ஐயா.

இதைக் கேட்டுட்டு யாராவது இன்னைக்கு ராத்திரியே தொழுவத்துல சாத்தி வச்சிருக்கிற அப்பா வண்டியை வெளியே இழுப்பீங்க. எடுத்த உடனே உதைக்காதீங்க. பழைய பெட்ரோலை வடிச்சுடுங்க. பிளக்கைக் கழட்டி, சிலிண்டருக்குள்ள கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்க. மறுநாள் கிக்கரைக் கையால மெதுவா அழுத்திப் பாருங்க. அசையலைன்னா நல்ல மெக்கானிக்கைக் கூப்பிடுங்க, சுத்தியலைத் தேடாதீங்க. இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பரை ஆர்.சி. புக்கோட ஒத்துப் பாருங்க. மெக்கானிக் எதைக் கழட்டினாலும், “இது எதுக்கு சார், குப்பை”ன்னு சொன்னாலும், வாங்கி ஒரு கோணிப்பையில கட்டி, எந்த வண்டியோடதுன்னு சீட்டு எழுதிப் பரண்ல போட்டுடுங்க.

மணி அடிச்சாச்சு. (பலத்த கைத்தட்டல்)