ஃபோர்டு மாடல் டி தீப்பொறிப் பகிர்வி

ஃபோர்டு மாடல் டி தீப்பொறிப் பகிர்வி என்பது 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் உற்பத்தியான மாடல் டி தானுந்தில், தொழிற்சாலை பொருத்தித் தந்த தீமூட்டல் அமைப்புக்கு மாற்றாக உரிமையாளர்கள் பின்னர் வாங்கிப் பொருத்திய கருவியாகும். பட்டறை வழக்கில் இது டிஸ்ட்ரிபியூட்டர் எனப்படும். பிலடெல்பியாவில் இயங்கிய அட்வாட்டர் கென்ட் நிறுவனம் இதனைத் தயாரித்தவற்றுள் ஒன்று. 1920களில் வானொலிப் பெட்டிகளால் புகழ்பெற்றதும் இதே நிறுவனமே.

மூல அமைப்புடன் வேறுபாடு

மாடல் டி பொறியின் சமனுருளில் 16 காந்தங்கள் உள்ளன. இவை மாறுமின்னோட்டத்தை உண்டாக்க, அது நான்கு உருளைகளுக்கும் தனித்தனியாக அமைந்த நான்கு அதிர்வுச் சுருள்கள் வழியே தீப்பொறியாகிறது. பகிர்வியிலோ ஒரே சுருளும் ஒரு சோடி தொடுமுனைகளும் மட்டுமே உண்டு. தொடுமுனைகள் திறக்கும் கணத்தில் உருவாகும் உயர் மின்னழுத்தத்தைச் சுழலி உரிய உருளைக்கு அனுப்புகிறது. இதற்கு நேர்மின்னோட்டம் தேவை என்பதால் 6 வோல்ட்டு மின்கலம் இன்றியமையாதது. அம்மின்கலக் கம்பியைத் தவறியும் காந்த மின்னாக்கியின் முனையில் இணைத்தல் கூடாது. காந்தங்கள் தம் வலுவை இழந்துவிடும்.

புதுப்பித்தல்

முதலில் சோதிக்க வேண்டியது தண்டின் ஆட்டமாகும். தண்டைத் தாங்கும் வெண்கலப் புதர்கள் தேய்ந்திருந்தால் தண்டு பக்கவாட்டில் அசையும். நெம்புருளின் நான்கு முகடுகளிலும் தொடுமுனை இடைவெளி வெவ்வேறாக அமையும். அந்நிலையில் ஓர் உருளைக்குச் சரிசெய்த நேரம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. எனவே புதர்களை மாற்றாமல் தொடுமுனைகளை மட்டும் பளபளப்பாக்குவது வீண் வேலையே.

மூடியின் உட்புறத்தில் மயிரிழை போன்ற கரிக்கோடு தென்பட்டால் தீப்பொறி அவ்வழியே கசிகிறது என்று பொருள். அத்தகைய மூடியைத் துடைத்துப் பயனில்லை. பழைய மின்தேக்கியையும் மாற்றிவிடுவது நன்று. அது பழுதுற்றால் தொடுமுனைகள் விரைவில் கருகும். நெம்புருளுக்குச் சிறிதளவு மசகு போதும். மிகுந்தால் அது தொடுமுனைகளில் தெறிக்கும்.

நேரம் அமைத்தல்

தொடுமுனை இடைவெளியை முதலில் அமைத்த பின்னரே நேரத்தை அமைக்க வேண்டும். இடைவெளி கூடினால் தொடுமுனைகள் முந்தித் திறக்கும், குறைந்தால் பிந்தித் திறக்கும் என்பதே காரணம்.

1ஆம் உருளையின் தீப்பொறிச் செருகியைக் கழற்றி, துளையை விரலால் மூடிக்கொண்டு பொறியைக் கையால் சுழற்றினால், அமுக்க வீச்சில் காற்று விரலைத் தள்ளும். உந்துதண்டு உச்சியைத் தொட்டுச் சற்றே இறங்கத் தொடங்கும் இடத்தில் பொறியை நிறுத்த வேண்டும். திசைமாற்றியின் இடப்பக்க நெம்புகோலை முழுவதும் மேலே தள்ளினால் தீப்பொறி மிகவும் பிந்திய நிலையை அடையும். இந்நிலையில் தொடுமுனைகள் திறக்கத் தொடங்குமாறு பகிர்வியைப் பொருத்த வேண்டும். தொடுமுனைகளுக்கு இணையாக ஒரு சிறு விளக்கை இணைத்தால், அவை திறக்கும் கணத்தில் அது ஒளிரும்; கண்ணால் ஊகிப்பதை விட இது நம்பகமானது. வேலை முடிந்ததும் மின்னோட்டத்தை நிறுத்தாவிடில் சுருள் சூடேறிப் பழுதாகலாம்.

பகிர்வித் தண்டு ஒருமுறை சுழல, வணரித்தண்டு இருமுறை சுழலும். ஆகவே பகிர்வியில் 5 பாகைப் பிழை, பொறியில் 10 பாகைப் பிழையாகும்.

கம்பிகளை இணைக்கும் வரிசை 1-2-4-3 ஆகும். பிற்காலத் தானுந்துகள் பலவற்றின் 1-3-4-2 வரிசைக்குப் பழகிய கைகள் இங்குத் தடுமாறுவதுண்டு. சுழலியின் திசையையும் கைச்சுழற்சியில் பார்த்து உறுதிசெய்த பின்னரே கம்பிகளை இணைக்க வேண்டும்.

கையால் முடுக்குதல்

தீப்பொறி முந்தி வந்தால், மேலேறும் உந்துதண்டு திருப்பித் தள்ளப்பட்டு முடுக்குக் கைப்பிடி எதிர்த்திசையில் வீசும். இதனால் மணிக்கட்டு முறிந்தோர் அக்காலத்தில் பலர். ஆகவே நேரம் அமைத்த பின் முதன்முறை முடுக்குமுன், நெம்புகோல் முழுவதும் மேலே உள்ளதா, அதனுடன் இணைந்த கம்பி பகிர்வியை உண்மையிலேயே பிந்திய நிலைக்குத் திருப்புகிறதா என இரண்டையும் பார்த்தல் வேண்டும். கைப்பிடியைக் கீழிருந்து மேல்நோக்கி இடக்கையால் இழுப்பதும், கட்டைவிரலை மற்ற விரல்கள் உள்ள பக்கமே வைத்துக்கொள்வதும் வழக்கம்.