போனைக் கீழே வைங்க... பாங்கு சொல்லியாச்சு! ஐவேளைத் தொழுகை தரும் நிதானம்

காலையில் கண் விழித்ததும் உங்கள் கை முதலில் எதைத் தேடுது? செல்போனைத்தானே! பாதித் தூக்கத்திலேயே வாட்ஸ்அப், இன்ஸ்டான்னு ஒரு ரவுண்டு போய்விட்டுத்தான் பாயை விட்டே எழுகிறோம்.

பெரம்பலூர் மாவட்டம், வெள்ளாற்றங்கரையில் இருக்கும் லெப்பைக்குடிக்காட்டில் பொழுது வேறு மாதிரி விடியும். இருட்டு விலகும் முன்பே பள்ளிவாசலில் சுபுஹுத் தொழுகைக்குப் பாங்கு கேட்கும். தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்று அந்த ஒரு வேளைப் பாங்கில் மட்டும் கூடுதலாகச் சொல்வார்கள். அலாரத்தை 'ஸ்நூஸ்' போடும் நமக்கே சொன்ன மாதிரி இருக்கும்!

சூரியன்தான் கடிகாரம்

சுபுஹு 2, லுஹர் 4, அஸர் 4, மஃரிப் 3, இஷா 4 என ஒரு நாளைக்குக் கட்டாயத் தொழுகை 17 ரக்அத். நின்று ஓதி, குனிந்து, பிறகு நெற்றியைத் தரையில் வைத்து இரண்டு ஸஜ்தா செய்தால் ஒரு ரக்அத். நேரத்தை முடிவு செய்வது சூரியன். வைகறை, உச்சி சாய்ந்ததும், பிற்பகல், சூரியன் மறைந்ததும், நன்றாக இருட்டியதும் என ஐந்து வக்து.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. லுஹரும் அஸரும் மஃரிபும் நாம் வேலையில் மூழ்கிக் கிடக்கும்போதுதான் வரும். கடையில் கூட்டம், ஆபீஸில் டென்ஷன், கிரிக்கெட்டில் கடைசி ஓவர்... எதுவாக இருந்தாலும் சில நிமிடம் எழுந்து போகணும். 'நான் இல்லாட்டி எதுவும் நடக்காது' என்ற நினைப்பு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

அத்தா துபாயில், அம்மா ஊரில்

லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் வெளிநாட்டுச் சம்பாத்தியம் புதிதில்லை. அத்தா துபாயில், அண்ணன் சிங்கப்பூரில், அம்மாவும் தங்கையும் ஊரில் என்று ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். சுபுஹு முதலில் அண்ணனுக்கு, பிறகு ஊருக்கு, அதற்கும் பிறகு அத்தாவுக்கு. அம்மா மஃரிப் தொழும்போது அத்தாவுக்கு இன்னும் அஸர் நேரம். மூன்று பேரும் திரும்புவது ஒரே கிப்லாவை நோக்கித்தான். தொழுது முடித்து ஒருவருக்காக ஒருவர் கேட்கும் துஆவுக்கு சிக்னல் தேவையில்லை.

வாசலில் ஓர் ஆறு

வீட்டு வாசலில் ஓடும் ஆற்றில் தினமும் ஐந்து முறை குளிப்பவர் உடம்பில் அழுக்கு மிஞ்சுமா என்று கேட்டு, ஐவேளைத் தொழுகையும் பாவங்களை அப்படித்தான் போக்குகிறது என்று விளக்கினார் நபிகள் நாயகம். மழையை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் விளைவிக்கும் பெரம்பலூர் மக்களுக்கு அந்த ஆற்றின் அருமை நன்றாகவே புரியும்.

தண்ணீரே கிடைக்காவிட்டால்? ஒளுவுக்குப் பதில் சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்ளும் தயம்மும் இருக்கு. நிற்க முடியாதவர் உட்கார்ந்து, அதுவும் முடியாதவர் படுத்தபடியே தொழலாம். அரியலூரில் சிமென்ட் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகும் லாரி டிரைவர், பயணத்தில் 4 ரக்அத்தை 2 ஆகச் சுருக்கித் தொழலாம். கடமை கண்டிப்பானது, ஆனால், மனிதரின் கஷ்டம் தெரிந்தது.

மனசு அலையுதே!

தக்பீர் கட்டியதும்தான் பைக் சாவியை எங்கே வைத்தோம் என்று ஞாபகம் வரும். பலருக்கும் நடப்பதுதான். அலையும் மனசைத் திரும்பத் திரும்ப இழுத்து வருவதே ஒரு பயிற்சி. தொழுகையில் உடம்பும் அசைகிறது என்றாலும் அது உடற்பயிற்சிக்காக வந்ததில்லை. அதேபோல, தூக்கமே வராமல், வாழவே பிடிக்காமல் நாட்கள் ஓடினால் டாக்டரைப் பாருங்கள். துஆவும் கேளுங்கள், மருந்தும் எடுங்கள். ஒன்றுக்கு ஒன்று எதிரி இல்லை.

பாயைச் சுருட்டிய பிறகு...

உண்மையான பரீட்சை இனிமேல்தான். குர்ஆனின் 107-வது அத்தியாயம், தொழுகையில் அலட்சியமாக இருந்து, ஊர் பார்க்கத் தொழுது, அக்கம்பக்கத்தார் கேட்கும் சின்னச் சின்ன உதவியைக்கூட மறுப்பவர்களைக் கடுமையாக எச்சரிக்கிறது. ஜமாஅத் வரிசையில் முதலாளிக்குத் தனி இடம் கிடையாது. கூலித் தொழிலாளியின் தோளை ஒட்டித்தான் நிற்கணும். அங்கே தோளோடு தோள் நின்றுவிட்டு, வெளியே வந்து அதே தொழிலாளிக்குச் சம்பளத்தை இழுத்தடித்தால்? ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எரிந்து விழுந்தால்? தொழுகை நம்மை மாற்றுகிறதா என்பதை நம் கூட இருப்பவர்கள்தான் சொல்லணும்.

காலேஜ், ஹாஸ்டல், ஷிப்ட்னு ஊரை விட்டு வந்தபின் தொழுகை விட்டுப்போச்சா? 'இவ்வளவு நாள் விட்டாச்சு, இனி எந்த முகத்தோடு போறது' என்ற வெட்கம்தான் பலரைத் தடுக்குது. ஐந்தும் கடமைதான். ஆனால், திரும்பி வர இந்த முஹர்ரமோ அடுத்த ரமலானோ வரணும்னு இல்லை. அடுத்த வக்து போதும். அது எப்படியும் இன்னும் சில மணி நேரத்தில் வந்துவிடும்!

பாங்கு கேட்டதும் போனை சைலன்ட்டில் போட்டுக் கவிழ்த்து வையுங்கள். நோட்டிஃபிகேஷன் எல்லாம் அங்கேயேதான் இருக்கும். சில நிமிடம் கழித்து அதை எடுக்கப்போகிற நீங்கள், கொஞ்சம் நிதானமான ஆளாக இருப்பீர்கள்.