பிக்கப் வண்டிக்கு எந்த ஆயில் பில்டர்?

தார்நாகா, ஹைதராபாத்: செகந்திராபாத்திலிருந்து உப்பல் போகும் சாலையில் தார்நாகாவைக் கடக்கும் சின்னச் சரக்கு வண்டிகளுக்குக் கணக்கில்லை. மௌலாலி, நாச்சாரம், மல்லாபூர் தொழிற்பேட்டைகளுக்கு இரும்புச் சாமான், அட்டைப்பெட்டி, தண்ணீர் கேன் என்று எதையாவது ஏற்றிக்கொண்டு காலை முதல் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரே ஒரு வண்டியை வைத்துப் பிழைப்பவர்கள் இவர்களில் அதிகம். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற தகப்பனாரின் கிராஜுவிட்டிப் பணமும், பைனான்ஸ் கம்பெனிக் கடனும் சேர்ந்து, மகன் கையில் ஒரு பொலேரோ பிக்கப்பாகவோ, டாடா ஏஸாகவோ, 2011-ல் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து வரத் தொடங்கிய அசோக் லேலண்ட் தோஸ்த்தாகவோ நிற்பது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிய காட்சி அல்ல.

வண்டி ஒரு வாரம் ஒர்க்ஷாப்பில் படுத்தால் அந்த மாதத் தவணை தவறும். அப்படிப் படுக்க வைக்கக்கூடிய சாமான்கள் வண்டியில் பல உண்டு. அவற்றில் விலை குறைந்தவைகளில் ஒன்று ஆயில் பில்டர். சில நூறு ரூபாய் சாமான் இது. இதில் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், என்ஜின் ஜாமாகிப் பல பத்தாயிரம் ரூபாய் செலவு வைத்துக் கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

பில்டர் செய்யும் வேலை

என்ஜினின் அடியில் உள்ள சம்ப்பிலிருந்து ஆயிலை பம்ப் உறிஞ்சி மேலே தள்ளுகிறது. அது முதலில் பில்டருக்குள் போகிறது. டப்பாவின் ஓரத்திலுள்ள சிறு துளைகள் வழியே நுழைந்து, மடிப்பு மடிப்பாக உள்ள காகிதத்தை வெளியிலிருந்து உள்ளாக ஊடுருவி, நடுத்துளை வழியே வெளிவந்து, கிராங்க் ஷாப்ட் பேரிங்குகளுக்கும் மற்ற இடங்களுக்கும் ஓடுகிறது. தேய்ந்த உலோகத் துகள், காற்றோடு புகுந்த தெரு மண், எரிந்த டீசலின் கரி இவை எல்லாம் ஆயிலில் கலக்கின்றன. பெரிய துகளைக் காகிதம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மோட்டார் வண்டிகளுக்கு இந்த வசதி ஆதியிலிருந்தே இருந்ததல்ல. 1923-ல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் என்பவர் இதைக் கண்டுபிடித்து 'பியூரோலேட்டர்' என்று பெயர் வைத்தார். 'பியூர் ஆயில் லேட்டர்', அதாவது 'இனிமேல் சுத்தமான எண்ணெய்' என்பதன் சுருக்கம் அது. இன்றைக்கும் அந்தப் பெயரில் பில்டர் விற்கிறது.

எவ்வளவு சிறிய துகள் கெடுதல் செய்யும்? ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். பேரிங்கில் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே நிற்கும் ஆயில் படலமோ சில மைக்ரான்களே. கண்ணுக்குத் தெரியாத துகள்தான் அங்கே அரம் போல் அராவுகிறது. அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் செய்த சோதனை ஒன்று 1988-ல் வெளியாயிற்று. 40 மைக்ரான் வரை வடிகட்டும் பில்டருக்குப் பதில் 30 மைக்ரான் பில்டர் போட்டால் என்ஜின் தேய்மானம் பாதியாகக் குறைகிறது என்றும், 15 மைக்ரான் பில்டரால் 70 சதவீதம் குறைகிறது என்றும் அதில் தெரிந்தது. டப்பா இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் உள்ளே இருக்கும் காகிதத்தில்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தார்நாகாவிலேயே இந்திய ரசாயனத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1944-ல் நிஜாம் ஆட்சியில் தொடங்கிய ஆய்வுக்கூடம் அது. எண்ணெய், கொழுப்புப் பொருள்கள் பற்றிய ஆராய்ச்சிக்குப் பேர் பெற்றது. (பக்கத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையமோ, 1958-ல் நம் குன்னூரிலிருந்து இங்கே குடி வந்தது.) மதில் சுவருக்கு உள்ளே கருவி வைத்து எண்ணெயைச் சோதிக்கிறார்கள். வெளியே சாலையில் நம் டிரைவர், டிப் ஸ்டிக்கை உருவி இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, 'இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்' என்று தீர்ப்புச் சொல்லி விடுகிறார். டீசல் என்ஜினில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்து விடும். நிறத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

உள்ளே இரண்டு வால்வுகள்

காகிதம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. வண்டி இரவு முழுக்க நிற்கும்போது பில்டரில் உள்ள ஆயில் வடிந்து சம்ப்புக்குத் திரும்பக் கூடாது. அதைத் தடுக்க வட்டமான ரப்பர் வால்வு ஒன்று இருக்கிறது. மட்ட ரகத்தில் இந்த ரப்பர் சூட்டில் விறைத்து வளைந்து போகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜினில் சில விநாடி கடகட சத்தம் கேட்டு, ஆயில் விளக்கு அணையத் தாமதமானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அந்தச் சில விநாடியும் பேரிங்குகள் ஆயில் இல்லாமல் சுற்றுகின்றன. தினமும் ஐந்தாறு தடவை நிறுத்தி எடுக்கும் லோடு வண்டிக்கு இது சின்ன விஷயமல்ல. சிலிகோன் ரப்பர் போட்டது அதிக நாள் தாங்கும்.

இரண்டாவது பை-பாஸ் வால்வு. பில்டர் அடைத்துக் கொண்டாலோ, குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ, ஆயில் போக மாற்று வழி வேண்டும் அல்லவா? அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் இது திறந்து வடிகட்டாத ஆயிலை அனுப்பும். ஆயிலே இல்லாமல் ஓடுவதற்கு அழுக்கு ஆயில் மேல் என்பது கணக்கு. டூப்ளிகேட் பில்டரில் இதன் ஸ்பிரிங் தளர்ந்து எப்போதும் திறந்தே கிடந்தால், பில்டர் இருந்தும் இல்லாத கதைதான். திறக்கவே திறக்காமல் இறுகியிருந்தால் இன்னும் மோசம். காகிதம் கிழியும், அல்லது என்ஜின் பட்டினி கிடக்கும். சில என்ஜின்களில் இந்த வால்வு என்ஜினிலேயே இருப்பதால் அவற்றின் பில்டரில் அது இருக்காது. ஆகவே, 'மரை சரியாக ஏறுகிறது, போட்டு விடு' என்பது ஆபத்தான யோசனை.

மரையிலும் ஏமாற்றம் உண்டு. 20 மில்லிமீட்டர் மரையும் முக்கால் அங்குல மரையும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். 20 மில்லிமீட்டர் பில்டர் முக்கால் அங்குலத் தண்டில் ஏறி உட்காரும். பிடிப்பு மட்டும் இருக்காது. நெடுஞ்சாலையில் அழுத்தம் ஏறும்போது கழன்றால் நிமிஷத்தில் ஆயில் முழுவதும் ரோட்டில்.

கடையில் பார்க்க வேண்டியது

ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க இங்குள்ளவர்கள் பெரும்பாலும் போவது செகந்திராபாத் ராணிகஞ்சுக்கு. ஒரே வண்டிக்கு நாலு விலையில் பில்டர் எடுத்துப் போடுவார்கள். வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வருவது ஒன்று. அதே தரத்தில் பெயர் பெற்ற பில்டர் கம்பெனிகள் தங்கள் பெயரிலேயே விற்பது இன்னொன்று. இது சற்று மலிவு, நம்பி வாங்கலாம். பெயர் தெரியாத லோக்கல் சரக்கு மூன்றாவது. பெரிய கம்பெனி பெயரைத் திருடி ஒட்டிய போலி நாலாவது. லோக்கலாவது தன் பெயரைச் சொல்லி விற்கிறது. போலி அதைக்கூடச் செய்வதில்லை.

வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள பார்ட் நம்பரை எழுதிக்கொண்டு போக வேண்டும். வண்டி பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயரில் பல என்ஜின் வந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு என்ஜின்கள் இன்னும் மாறியிருக்கின்றன. பெட்டியில் தயாரிப்பாளர் முகவரி, மாதம், வருஷம், அதிகபட்ச விலை இருக்கிறதா, டப்பாவில் அடித்துள்ள நம்பரும் பெட்டியின் நம்பரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். மரையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கக் கூடாது. ரப்பர் கேஸ்கட் காடியில் சமமாக அமர்ந்திருக்க வேண்டும். ஓரத் துளைகளில் ரப்பர் வால்வு தெரியும்; அது நெளிந்திருக்கக் கூடாது. கேஸ்கட் அமரும் இடத்திலும் மரையிலும் பெயின்ட் படிந்திருந்தால், கழற்றிப் போட்ட பழைய டப்பாவைக் கழுவிப் பூசியதாக இருக்கலாம். டப்பா கனமாக இருப்பது தரத்துக்கு அடையாளம் என்று சிலர் கையில் தூக்கிப் பார்ப்பார்கள். அது வீண் வேலை. தகரம் கனமாக இருந்தால் காகிதம் நல்லதாகி விடாது.

பெட்டியில் மைக்ரான் அளவு போட்டிருந்தாலும் அதைத் தனியாக நம்பக் கூடாது. இத்தனை மைக்ரான் துகளில் எத்தனை சதவீதம் பிடிக்கும் என்பதும் சேர்ந்தால்தான் அதற்கு அர்த்தம். ஐ.எஸ்.ஓ. 4548 என்ற சர்வதேச முறைப்படி சோதித்தது என்று எழுதியிருந்தால் நல்லது.

பில் இல்லாமல் வாங்கவே கூடாது. பத்து இருபது குறைத்துத் தருகிறேன் என்பார்கள், மறுத்து விடலாம். போலிச் சின்னம் ஒட்டிய சரக்கை விற்பவருக்கு 1999-ம் வருஷத்து வர்த்தகச் சின்னச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. ஆனால் பில் இல்லாதவர் எந்தக் கடையைக் காட்டுவார்? 1915 என்ற நம்பரில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார் சொல்லவும் பில் கையில் இருப்பது நல்லது. காரண்டி காலத்தில் உள்ள வண்டியானால், தவறான பில்டரால் வந்த பழுதைக் கம்பெனி ஏற்றுக் கொள்ளாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மாட்டும்போது

நல்ல பில்டரை வாங்கித் தப்பாக மாட்டுவதும் நடக்கிறது. பழைய பில்டரோடு அதன் கேஸ்கட்டும் வந்து விட்டதா என்று பார்க்க வேண்டும். அது என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, மேலே புதியதை முறுக்கினால் இரண்டு கேஸ்கட்டுக்கு நடுவே ஆயில் பீறிட்டு விடும். புதிய கேஸ்கட்டில் சிறிது ஆயில் தடவி, கையால் முறுக்கி, அது தொட்ட பிறகு முக்கால் சுற்று கொடுத்தால் பொதுவாகப் போதும், டப்பாவிலேயே எழுதியிருப்பார்கள். ஸ்பேனர் போட்டு இறுக்கும் பையனைத் தடுக்க வேண்டும். டப்பா இல்லாமல் காகித எலிமென்ட் மட்டும் மாற்றும் என்ஜினானால், மூடியின் ஓ-ரிங்கையும் கூடவே மாற்ற வேண்டும்.

ஆயில் மாற்றும் போதெல்லாம் பில்டரும் மாற வேண்டும். 'ஒரு தடவை விட்டு ஒரு தடவை' என்பது சிக்கனம் அல்ல. புது ஆயிலைப் பழைய அழுக்கின் ஊடே ஓட்டுவது. கையேட்டில் சொல்லும் கிலோமீட்டர் நல்ல ரோட்டுக்கு. அதிலேயே தூசி, அதிக பாரம், நின்று நின்று ஓடும் நகர ஓட்டம் இவற்றுக்குத் தனியாகக் குறைந்த கிலோமீட்டர் சொல்லியிருக்கும். தார்நாகா பக்கத்து லோடு வண்டிகள் அநேகமாக இந்த இரண்டாவது கணக்கில் சேர்ந்தவை. பி.எஸ்.6 டீசல் வண்டிக்குக் கையேட்டில் சொன்ன ரக ஆயிலே ஊற்ற வேண்டும். புகைக்குழாயில் உள்ள கரி வடிகட்டி வேறு ஆயிலில் கெட்டுப் போகும். ஆயிலில் கலந்த டீசலையோ தண்ணீரையோ எந்த பில்டராலும் பிரிக்க முடியாது.

கழற்றிய பில்டரைத் தூக்கி எறிவதற்கு முன், ஆயில் வடிய ஒரு நாள் கவிழ்த்து வைத்து, தகரம் வெட்டும் கத்தரியால் திறந்து பார்ப்பது நல்ல பழக்கம். ரம்பம் வேண்டாம், அதன் தூளே உள்ளே விழும். கடைக்காரர் சொல்லாததை அது சொல்லும். மடிப்புகள் ஒழுங்காக, முனைகளில் பசை விடாமல் இருந்தால் அடுத்த தடவையும் அதே பில்டரை வாங்கலாம். காகிதம் கிழிந்தோ கூழாகியோ இருந்தால் அந்தக் கடைப் பக்கமே போக வேண்டாம். காகிதத்தை விரித்து வெயிலில் காட்டும்போது பொன்னிறத்தில் மினுங்கினால் பேரிங், வெள்ளி நிறத்தில் மினுங்கி காந்தத்தில் ஒட்டாவிட்டால் பிஸ்டன் போன்ற அலுமினியப் பாகம், காந்தத்தில் ஒட்டினால் இரும்புப் பாகம் தேய்கிறது என்று மெக்கானிக்குகள் கணிக்கிறார்கள். அப்படித் தெரிந்தால் அன்றைய லோடை வேறு வண்டிக்கு விட்டு, என்ஜினைக் காட்டி விடுவது செலவு குறைந்த வழி. பார்த்து முடித்த டப்பாவை நசுக்கி, பெட்டியையும் கிழித்துப் போட வேண்டும். முழுதாகக் குப்பையில் போட்டால் அதே பெட்டியும் டப்பாவும் புதுப் பெயின்ட்டில் மறுபடி விலைக்கு வரக்கூடும்.