புயல் காலத்தில் சூரிய பம்புசெட் பராமரிப்பு

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த 'கஜா' புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததை அனைவரும் அறிவர். தோப்புகளோடு மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. உட்கிராமங்கள் பலவற்றில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. ஆழ்குழாய்க் கிணற்றில் நீர் இருந்தும் மாட்டுத் தொட்டியை நிரப்ப வழியில்லை. பல ஊர்களில் டீசல் ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துத்தான் நீர் ஏற்றினார்கள். மின்கம்பியை நம்பாமல் ஓடும் சூரிய பம்புசெட்டின் அருமை இத்தகைய நாட்களில்தான் தெரியும். ஆனால் அதுவும் புயலைத் தாங்கி நிற்க வேண்டுமே!

5 குதிரைசக்தி மோட்டாருக்கு ஏறத்தாழ 5 கிலோவாட் திறனுள்ள சூரியத் தகடுகள் தேவை. இவற்றின் பரப்பு சுமார் 25 சதுர மீட்டர். இது பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். எனவே தகட்டைத் தாங்கும் கால்களின் கான்கிரீட் அடித்தளத்தில் சிக்கனம் கூடாது. கடலோரத்தில் உப்புக்காற்று மரையாணிகளை அரித்துவிடும். துத்தநாகப் பூச்சுள்ள ஆணிகளையே கேட்டு வாங்கி, ஆண்டுதோறும் புரட்டாசியில் முடுக்கிவிட வேண்டும். சாய்வை மாற்றும் வசதி உள்ள சட்டமாயின், புயல் எச்சரிக்கை வந்ததும் தகடுகளைத் தரைக்கு இணையாகப் படுக்கவைத்துப் பூட்டிவிட வேண்டும். அருகில் சாயக்கூடிய மரங்களின் கிளைகளை முன்னதாகவே கழிப்பது நல்லது.

கட்டுப்பாட்டுப் பெட்டியை, அந்த வயலில் இதுவரை வெள்ளம் நின்ற உயரத்திற்கு மேலே பொருத்த வேண்டும். இடிதாங்கியும் நில இணைப்பும் அவசியம்.

புயல் ஓய்ந்ததும் பலர் உடைந்த தகடுகளை வெறுங்கையால் தூக்குகிறார்கள். இது மிகவும் ஆபத்தானது. மின்வாரிய இணைப்பைப் போல் இதற்கு ஃபியூஸ் பிடுங்கினால் போதாது. வெளிச்சம் படும்வரை தகட்டில் மின்சாரம் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். உடைந்த தகட்டையும் அறுந்த கம்பியையும் தொடாமல், அமைத்துக் கொடுத்த நிறுவனத்தாரை அழைக்க வேண்டும். நீரில் மூழ்கிய கட்டுப்பாட்டுப் பெட்டியையும் தரைமட்ட மோட்டாரையும் உலர்த்திச் சோதிக்காமல் இயக்கக்கூடாது.

புயல் போலவே கோடை வெப்பமும் கவனத்திற்குரியது. 25 டிகிரி செல்சியசுக்கு மேல் தகடு சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். சித்திரை வெயிலில் தகடு 60 டிகிரியை எட்டினால் சுமார் 14 சதவீதம் இழப்பு. தகட்டின் அடியில் காற்றோட்டத்திற்கு இடம் விட்டு, புதர் மண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தூசியை அதிகாலையில் நல்ல நீரால் கழுவலாம். நடுப்பகலில் சூடான கண்ணாடி மீது குளிர்ந்த நீரை ஊற்றலாகாது.

சூரிய பம்புசெட்டுகளை வேளாண் பொறியியல் துறை மானியத்தில் அமைத்துத் தருகிறது. விருப்பமுள்ளோர் தங்கள் வருவாய்க் கோட்டத்திலுள்ள அத்துறையின் உதவி செயற்பொறியாளரை அணுகலாம். விண்ணப்பிக்கும்போதே, பராமரிப்பும் காப்பீடும் எத்தனை ஆண்டுகளுக்கு, புயல் சேதம் அதில் அடங்குமா என்பதைக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளவும்.