வீட்டுக்கு விளைத்த கோதுமையும் வணிகமா? அமெரிக்க மத்திய அரசின் வணிக அதிகாரம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ராஸ்கோ ஃபில்பர்ன் என்று ஒரு விவசாயி. மாடும் கோழியும் வளர்த்து, பாலும் முட்டையும் விற்றுக் குடும்பம் நடத்தியவர். 1941 அறுவடைக்கு அவர் 11.1 ஏக்கரில் மட்டுமே கோதுமை போடலாம் என்று மத்திய அரசு அளவு வைத்தது. அவர் 23 ஏக்கரில் போட்டார். அளவுக்கு மேல் போட்ட நிலத்தில் 239 புஷல் விளைந்தது. கிட்டத்தட்ட ஆறரை டன். புஷலுக்கு 49 சென்ட் வீதம் 117 டாலர் 11 சென்ட் அபராதம் விழுந்தது. மாட்டுக்கும் கோழிக்கும் தீவனம், வீட்டுக்கு மாவு, மறுபோகத்துக்கு விதை என்று வைத்துக்கொள்ளும் கோதுமையில் மத்திய அரசுக்கு என்ன வேலை என்று அவர் வழக்குப் போட்டார். 1942-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அரசின் பக்கம் நின்றது.

சட்டம் படிப்பவர்கள் இந்த வழக்கில்தான் முதலில் தடுக்கி விழுவார்கள். மற்றவர்களுக்கும் எழக்கூடிய சில சந்தேகங்களை இங்கே எடுத்துக்கொள்வோம்.

இந்த அதிகாரம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் முதல் கூறு, எட்டாவது பிரிவில். ஆங்கிலத்தில் மொத்தம் 16 சொற்கள். வெளிநாடுகளுடனும், மாநிலங்களுக்கு இடையிலும், பழங்குடி இனங்களுடனும் நடக்கும் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு உண்டு என்பது அதன் சாரம். விடுதலை பெற்ற புதிதில் ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்துச் சரக்குக்கு வரி போட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. மத்தியில் இருந்தவர்களால் அதைத் தட்டிக் கேட்க முடியவில்லை. 1787-ல் ஃபிலடெல்ஃபியாவில் கூடியவர்கள் அதற்கு மருந்தாகத்தான் இதை எழுதினார்கள்.

இந்திய அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் இருப்பதுபோல் மூன்று பட்டியல்கள் அங்கே கிடையாது. மத்திய அரசுக்கு எவையெவை என்று எண்ணிக் கொடுத்துவிட்டு, மிச்சம் முழுவதும் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்று பத்தாவது திருத்தம் சொல்கிறது. போலீஸ், பள்ளிக்கூடம், திருமணம் எல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. ஆகவே தொழிலாளர் நலன், போதைப்பொருள், சுற்றுச்சூழல் என்று எதற்குச் சட்டம் போட நினைத்தாலும் மத்திய அரசு பெரும்பாலும் இந்த ஒரே கொக்கியில்தான் மாட்டியாக வேண்டும்.

மாநில எல்லையைத் தாண்டும் சரக்குக்கு மட்டும்தானே இது பொருந்தும்?

முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனால் 1824-லேயே தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் இதற்கு அகலமான பொருள் கொடுத்தார். தன் நீர்ப்பரப்பில் நீராவிப் படகு விடும் உரிமையை நியூயார்க் மாநிலம் சிலருக்கு மட்டும் எழுதிக் கொடுத்திருந்தது. நியூஜெர்சியிலிருந்து படகு ஓட்டிய கிப்பன்ஸ், மத்திய அரசின் உரிமத்தைக் கையில் வைத்திருந்தார். வணிகம் என்பது வாங்கி விற்பது மட்டுமல்ல, போக்குவரத்தும் அதில் அடங்கும். மாநில எல்லைக் கோட்டில் இந்த அதிகாரம் நின்றுவிடாது என்று கூறி, கிப்பன்ஸுக்கு நீதிமன்றம் வழிவிட்டது.

பின்னால் வந்த நீதிபதிகள் இதைக் குறுக்கினார்கள். குறுக்கியதற்கு விலை கொடுத்தவர்கள் குழந்தைகள். 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைக்கும் ஆலைகளின் சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போகக் கூடாது என்று 1916-ல் காங்கிரஸ் சட்டம் போட்டது. வடக்கு கரோலினாவில் பஞ்சாலைக்கு வேலைக்குப் போன இரண்டு சிறுவர்களின் பெயரில் அவர்களுடைய தந்தையே அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். பொருளை உற்பத்தி செய்வது வணிகம் ஆகாது, அது மாநிலத்தின் விஷயம் என்று சொல்லி 1918-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சட்டம் தள்ளுபடியானது. 1941-ல் டார்பி வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. நடுவில் 23 ஆண்டுகள். மத்திய அரசின் கையைக் கட்ட வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் இந்த 23 ஆண்டுகளையும் மனதில் வைத்துத்தான் வாதாட வேண்டும்.

சரி, விற்காத கோதுமை எப்படி வணிகமானது?

ஃபில்பர்ன் தனக்கு வேண்டியதைத் தானே விளைத்துக்கொண்டால் கடையில் வாங்க மாட்டார். அவர் ஒருவரால் சந்தை அசையாது. நாடெங்கும் விவசாயிகள் அதையே செய்தால் தேவை குறையும், விலை சரியும், விலையைத் தூக்கி நிறுத்தப் போட்ட சட்டம் வீணாகும். ஆகவே ஒருவரைத் தனியாகப் பார்க்காமல், அவரைப் போன்ற எல்லோரையும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். கூட்டிப் பார்த்தால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைக் கணிசமாகப் பாதிக்கிறதா? அப்படியானால் காங்கிரஸுக்கு அதிகாரம் உண்டு.

நிறவெறியைத் தடுத்த சட்டத்துக்கும் இதுவா அடிப்படை?

ஆம். 1964-ன் குடிமை உரிமைகள் சட்டம் விடுதியிலும் உணவகத்திலும் நிறம் பார்த்து மறுப்பதைத் தடைசெய்தது. சமத்துவம் பேசும் பதினான்காவது திருத்தம் அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனியாரை அல்ல என்று 1883-லேயே தீர்ப்பு இருந்ததால், காங்கிரஸ் வணிக அதிகாரத்தைக் கையில் எடுத்தது. அலபாமா மாநிலம் பர்மிங்காமில் ஆலிஸ் பார்பிக்யூ என்ற உணவகம், கறுப்பின மக்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும். உள்ளே உட்கார்ந்து சாப்பிட விடாது. அந்த உணவகம் வாங்கிய உணவுப் பொருளில் 46 சதவீதம், வெளி மாநிலத்திலிருந்து தருவிக்கப்பட்ட இறைச்சி. அதைக் காட்டித்தான் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு சரி. ஆனாலும் ஒரு மனிதரைச் சமமாக உட்காரவைத்துச் சோறு போட, இறைச்சி எங்கிருந்து வந்தது என்று கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது என்பது இன்றைக்குப் படித்தாலும் மனதை உறுத்துகிறது.

அப்படியானால் எல்லையே கிடையாதா?

உண்டு. 1937-லிருந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் காங்கிரஸ் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவந்த நீதிமன்றம், 1995-ல் நின்றது. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் கைத்துப்பாக்கியுடன் பள்ளிக்கு வந்தார். பள்ளி அருகே துப்பாக்கி வைத்திருப்பது குற்றம் என்ற மத்தியச் சட்டத்தின்படி அவர் மீது வழக்கு. துப்பாக்கி வந்தால் அச்சம் வரும், அச்சம் வந்தால் படிப்பு கெடும், படிப்பு கெட்டால் பொருளாதாரம் கெடும் என்று அரசு வாதிட்டது. இந்தச் சங்கிலியை ஒப்புக்கொண்டால் மத்திய அரசு தொடக் கூடாதது எதுவுமே மிஞ்சாது என்று சொல்லி, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சட்டம் ரத்தானது. 2000-ல் மாரிசன் வழக்கில், பெண்களுக்கு எதிரான வன்முறைக்கு மத்திய நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க வழிசெய்த பிரிவும் இதே காரணத்தால் விழுந்தது.

மூன்றாவது எல்லை 2012-ல் வந்தது. எல்லோரும் மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்ற ஒபாமா காலச் சட்டத்தில், ஏற்கெனவே நடக்கும் வணிகத்தை ஒழுங்குபடுத்தலாம், சும்மா இருப்பவரை வணிகத்துக்குள் இழுத்துவர முடியாது என்றார் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். ஆனால் காப்பீடு எடுக்காதவர் கட்டும் தொகையை வரியாகக் கொள்ளலாம் என்று கூறி, அந்தச் சட்டத்தைக் காப்பாற்றியவரும் அவரே.

மாநிலம் அனுமதித்த கஞ்சாவை மத்திய அரசு எப்படித் தடுக்கிறது?

கலிஃபோர்னியாவில் மருத்துவத் தேவைக்காக ஒருவர் வீட்டில் வளர்த்த ஆறு கஞ்சாச் செடிகளை 2002-ல் மத்திய அதிகாரிகள் அழித்தார்கள். 2005-ல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. காரணம் அதே கோதுமை. ஆனால் மத்தியச் சட்டத்தை அமல்படுத்து என்று மாநில அரசுக்கோ அதன் அதிகாரிகளுக்கோ காங்கிரஸ் கட்டளையிட முடியாது. 1997-லும் 2018-லும் வந்த தீர்ப்புகள் அதை உறுதி செய்திருக்கின்றன.

உள்ளே எது, வெளியே எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கட்டுப்படுத்தப்படுவது பொருளாதாரச் செயலா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால், எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மத்திய அரசின் கை நீளும். இல்லை என்றால், தொடர்பை வலிந்து காட்டினாலும் நீதிமன்றம் இப்போது எளிதில் ஏற்பதில்லை. என் பார்வையில் இந்தக் கோடு அவசியமானது, ஆனால் மெல்லியது. 1995-ல் ரத்தான பள்ளித் துப்பாக்கிச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தில் புழங்கிய துப்பாக்கியாக இருக்க வேண்டும் என்ற வாசகத்தைச் சேர்த்து, 1996-ல் காங்கிரஸ் அதை மறுபடி இயற்றியது. ஃபில்பர்ன் தீர்ப்பும் இன்றுவரை ரத்து செய்யப்படவில்லை.