கை தூக்கினால் தோள் வலிக்கிறதா? கட்டிப் போடாதீங்க, பழக்குங்க!

சட்டை மாட்டும்போது, பரணிலிருந்து பாத்திரம் எடுக்கும்போது, பஸ்சில் மேல்கம்பியைப் பிடிக்கும்போது தோளில் சுரீர்னு ஒரு வலி. கையை இறக்கினால் குறைந்துவிடும். ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் மறுபடியும் ஆரம்பிக்கும். நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கும் இது பழகிய வலிதான். ஆனால் பெயின்டர், கொத்தனார், எலக்ட்ரீஷியன் போன்றவர்களுக்குக் கை மேலே போகவில்லை என்றால் அன்றைய கூலியே போச்சு.

இந்த வலி வந்தால் சிலர் கையை அசைக்காமலே வைத்துக்கொள்வார்கள். சிலர் 'சுளுக்கு'ன்னு நினைத்து, எண்ணெய் தேய்த்து இழுத்து விடச் சொல்வார்கள். இரண்டுமே வேண்டாம். அசைக்காத தோள் இறுகிப் போகும். வலிக்கிற தசைநாரை வெடுக்கென்று இழுத்தால் காயம் அதிகமாகலாம். பெரும்பாலானவர்களுக்குக் கைகொடுப்பது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகும் பயிற்சிதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

தோள் என்பது பந்தும் கிண்ணமும் சேர்ந்த மூட்டு. ஆனால் இந்தக் கிண்ணம் ஆழம் இல்லாதது. சின்னத் தட்டில் எலுமிச்சம்பழத்தை வைத்த மாதிரி. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. பந்து நழுவாமல் நடுவில் பிடித்து வைக்க நான்கு சிறு தசைகள் சுற்றி இருக்கின்றன. இவற்றின் தொகுப்புக்குப் பெயர் 'ரொட்டேட்டர் கஃப்'.

இவற்றில் மேல்பக்கத் தசையின் நார், தோள் உச்சி எலும்புக்குக் கீழே, கூரைக்கு அடியில் போவது போலப் போகிறது. வயது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது, திடீர்னு அதிக பாரம் தூக்குவது போன்ற காரணங்களால் இந்த நார் நலிவடைகிறது. கையைப் பக்கவாட்டில் பாதி உயரத்துக்குத் தூக்கும்போது வலிக்கிறது. இதைத்தான் டாக்டர்கள் 'இம்பிஞ்ச்மென்ட்' என்கிறார்கள்.

எலும்பு உரசுவதுதான் காரணம் என்று கருதி, அந்த எலும்பைச் செதுக்கும் அறுவை சிகிச்சை உலகம் முழுக்கப் பரவலாகச் செய்யப்பட்டது. பிரிட்டனிலும் பின்லாந்திலும் நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வுகள் இதைச் சோதித்தன. எலும்பைச் செதுக்கியவர்களுக்கும், கருவியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுச் செதுக்காமல் தையல் போட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தசைநார் முழுசாகக் கிழியாதவர்களுக்கு முதல் சிகிச்சை பயிற்சிதான் என்பதற்கு இது வலுவான காரணம்.

முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள்

* கீழே விழுந்த பிறகோ, பாரம் தூக்கிய பிறகோ திடீர்னு கையைத் தூக்கவே முடியாதவர்கள். தசைநார் கிழிந்திருக்கலாம். தாமதிக்க வேண்டாம்.
* அடிபட்டுத் தோளின் வடிவமே மாறியவர்கள். மூட்டு விலகியிருக்கலாம். வீட்டில் யாரும் இழுத்துச் சரிசெய்யக் கூடாது.
* காய்ச்சல், தோளில் சிவப்பு, வீக்கம், காரணமில்லாமல் எடை குறைவது, கை மரத்துப்போவது இருப்பவர்கள்.
* இன்னொருவர் தூக்கிவிட்டாலும் கை மேலே போகாதவர்கள். இது 'உறைந்த தோள்' ஆக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது அதிகம் வரும். இதற்குச் சிகிச்சை முறை வேறு.
* தோள் வலியுடன் நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய 5 பயிற்சிகள்

1. ஊசல்: நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனியுங்கள். வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடம்பை லேசாக அசைத்தால் கை தானாக ஆடும். ஒரு நிமிடம் போதும்.

2. மேசைத் துடைப்பு: மேசை முன் உட்கார்ந்து, ஒரு துண்டின் மேல் கையை வையுங்கள். மேசையைத் துடைப்பது போல முன்னே தள்ளி, பின்னே கொண்டு வாருங்கள். 10 முறை.

3. முதுகுப் பக்கம் இழுத்தல்: நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் ஒன்றை ஒன்று நெருங்கும்படி இழுங்கள். 5 விநாடி பிடித்து விடுங்கள். 10 முறை. தோள் காதுப் பக்கம் ஏறக் கூடாது.

4. சுவரைத் தள்ளுதல்: சுவருக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி, இடையில் சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். புறங்கையால் சுவரை மெதுவாகத் தள்ளுங்கள். கை நகரக் கூடாது, தசை மட்டும் இறுக வேண்டும். 10 விநாடி, 5 முறை. பிறகு கதவு நிலையில் உள்ளங்கையை வைத்து உள்பக்கமாகத் தள்ளுங்கள்.

5. ரப்பர் பட்டை: முதல் நான்கும் சுலபமான பிறகுதான் இது. பட்டையை ஜன்னல் கம்பியில் இடுப்பு உயரத்தில் கட்டுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டியபடி, முன்கையை வெளிப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். திரும்பி வரும்போதும் மெதுவாக. 10 முறை வீதம் 2 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள்.

எவ்வளவு வலி வரலாம்?

'வலித்தால் நிறுத்திடணுமா?' என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. 0 முதல் 10 வரை வலிக்கு மதிப்பெண் கொடுத்துப் பாருங்கள். பயிற்சியின்போது 3 வரை இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். 5-ஐத் தாண்டினாலோ, மறுநாளும் கூடுதலாக வலித்தாலோ எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பத்து நாளில் பலன் தெரியலைன்னு பலர் விட்டுவிடுகிறார்கள். தசைநார் அவ்வளவு வேகமாக வலுப்பெறாது. ஆறு வாரத்தில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கலாம். 12 வாரமாவது தொடர வேண்டும். மொபைலில் தினமும் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியோடு சேர்த்து...

வேலையை முழுசா நிறுத்த முடியாது. ஆனால் முறையை மாற்றலாம். தினமும் புழங்கும் பாத்திரங்களை இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில் உள்ள அலமாரிக்கு மாற்றுங்கள். பெயின்டர்கள் ரோலருக்கு நீளமான கம்பு மாட்டலாம். தலைக்கு மேல் செய்யும் வேலையைத் தொடர்ந்து செய்யாமல் இடையிடையே வேறு வேலை பாருங்கள். தூங்கும்போது நல்ல பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வலிக்கும் கைக்கு அடியில் தலையணை வையுங்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

* அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இயன்முறை சிகிச்சைப் பிரிவு உண்டு. புறநோயாளிச் சீட்டு வாங்கி முதலில் டாக்டரைப் பாருங்கள். முன்பு எடுத்த எக்ஸ்ரே, ஸ்கேன் இருந்தால் கொண்டுபோங்கள்.
* வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் அடங்கும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.
* மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.
* 'இ-சஞ்சீவனி' செயலியில் மொபைல் எண்ணைப் பதிவு செய்து, டாக்டரிடம் வீடியோவில் இலவசமாகப் பேசலாம். எந்த அசைவில் வலிக்கிறது என்பதை கேமரா முன் செய்து காட்டுங்கள்.

டாக்டரிடம் போகும் முன் மூன்று விஷயங்களைக் குறித்து வையுங்கள்: வலி எப்போது தொடங்கியது, எந்த உயரத்தில் வலிக்கிறது, ராத்திரி தூக்கம் கெடுகிறதா. சர்க்கரை நோய் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.