பத்துக்கு ஐந்தரை: ஆஸ்திரேலியாவில் முதலாண்டு இயற்பியல் ஆய்வகம்

ஆஸ்திரேலியாவுக்குப் படிக்க வரும் நம்மூர்ப் பிள்ளைகளிடமிருந்தும், அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் கவலைப்படும் பெற்றோரிடமிருந்தும் நான் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. "சோதனையைச் சரியாகத்தான் செய்தேன். புவியீர்ப்பு முடுக்கம் அச்சாக 9.8 வந்தது. ஆனால் பத்துக்கு ஐந்தரைதான் போட்டிருக்கிறார்கள்." இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ப்ளஸ் டூ செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள். அப்போதெல்லாம் இயற்பியலின் 200 மதிப்பெண்ணில் 50 செய்முறைக்கு. அதில் ஒன்றிரண்டு குறைந்தாலே வீட்டில் விசாரணை நடக்கும்.

முனைவர் பட்ட ஆய்வு செய்த ஆண்டுகளில் சிட்னியிலும், பிறகு சில பருவங்கள் மெல்போர்னிலும் முதலாண்டு ஆய்வகங்களில் டெமான்ஸ்ட்ரேட்டராக நின்றிருக்கிறேன். அந்த ஐந்தரையைப் போடும் கைகளில் என்னுடையதும் ஒன்று. அது எப்படிப் போடப்படுகிறது என்று விளக்க ஒரு முயற்சி இது.

முதலில் சட்டகம். ஒரு பருவம் என்பது இங்கே பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வாரம். இயற்பியல் பாடம் ஒன்றில் விரிவுரை, டுடோரியல், வீட்டுப்பாடம், இறுதித் தேர்வு ஆகியவற்றோடு ஆய்வகமும் ஓர் உறுப்பு. ஆய்வகத்துக்கென்று தனித் தேர்வு நாளோ, வெளியூரிலிருந்து வரும் புறத்தேர்வாளரோ, அவருக்கு வாங்கி வைக்கும் காபி டிபனோ கிடையாது. மதிப்பெண் வாரா வாரம் சேர்கிறது. எடுத்துக்காட்டாக, மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு இயற்பியல் பாடங்களில் 2010களில் மூன்று மணி நேர ஆய்வக வகுப்புகள் பருவத்துக்கு எட்டு இருந்தன. மொத்த மதிப்பெண்ணில் 25 சதவீதம் அவற்றுக்கு. இந்த 25ஐப் பார்த்து, "தேர்வில் ஈடுகட்டிவிடலாம்" என்று கணக்குப் போடக் கூடாது. ஆய்வகப் பணியைத் திருப்திகரமாக முடிக்காவிட்டால் பாடத்திலேயே தேர்ச்சி இல்லை என்ற விதி அதோடு சேர்ந்தே வந்தது. இதை இங்கே 'ஹர்டில்' என்பார்கள். தடை ஓட்டத்தில் வரும் தடைதான். எழுத்துத் தேர்வில் தொண்ணூறு வாங்கினாலும் இந்தத் தடையைத் தாண்டாதவருக்குப் பாடம் போய்விடும்.

மதிப்பெண்ணுக்கான பெயர்களும் ஊருக்கு ஊர் மாறும். சிட்னி பல்கலைக்கழகத்தில் 85க்கு மேல் ஹை டிஸ்டிங்ஷன், 75 முதல் டிஸ்டிங்ஷன், 65 முதல் கிரெடிட், 50 முதல் பாஸ். மொனாஷில் 80 வாங்கினாலே ஹை டிஸ்டிங்ஷன். மெல்போர்னில் இந்தப் பெயர்களே இல்லை; எச்1, எச்2ஏ, எச்2பி, எச்3 என்று ரத்தப் பரிசோதனை முடிவு மாதிரி இருக்கும். 68 வாங்கிய மகளைப் பற்றி வருத்தப்பட்ட ஒரு தந்தையிடம், இங்கே அது மரியாதையான மதிப்பெண் என்று புரியவைக்க அரைமணி நேரம் ஆனது.

இனி ஆய்வக நாள். வருவதற்கு முன்பே இணையத்தில் சின்ன வினாத்தாள் ஒன்றை முடித்திருக்க வேண்டும். செருப்புப் போட்டு வந்தால் திருப்பி அனுப்புவார்கள். பாதம் மூடிய ஷூ கட்டாயம். இருவர் அல்லது மூவர் கொண்ட குழுக்கள். ஒரு டெமான்ஸ்ட்ரேட்டருக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு பேர்வரை. சோதனைக் குறிப்பு இரண்டு மூன்று பக்கம் இருக்கும். அதில் இடையிடையே 'செக்பாயிண்ட்' என்று போட்டிருக்கும். அங்கே வந்ததும் கையைத் தூக்க வேண்டும். டெமான்ஸ்ட்ரேட்டர் வந்து குறிப்பேட்டைப் பார்ப்பார், நான்கு கேள்வி கேட்பார், கையெழுத்துப் போடுவார். அதன்பிறகுதான் அடுத்த பகுதி. மூன்று மணி நேரம் முடிந்ததும் குறிப்பேடு அங்கேயே அலமாரிக்குப் போய்விடும். வீட்டுக்கு எடுத்துப் போய் அழகாக எழுதிக்கொண்டு வரும் வழக்கம் இல்லை.

நம்மவர்கள் தடுமாறும் முதல் இடம் இந்தக் குறிப்பேடுதான். நாம் ரெக்கார்டு நோட்டில் வளர்ந்தவர்கள். நோக்கம், தேவையான கருவிகள், சூத்திரம், செய்முறை, அட்டவணை, முடிவு. இடது பக்கம் பென்சிலில் படம், வலது பக்கம் எழுத்து, பிரவுன் காகித அட்டை. அதில் உள்ள அளவீடுகள் சென்ற ஆண்டு அண்ணனின் நோட்டிலிருந்து வந்தவை என்பது ஆசிரியருக்கும் தெரியும். இங்கே குறிப்பேடு பேனாவில்தான் எழுதப்பட வேண்டும். தவறானதை ஒற்றைக் கோட்டால் அடிக்கலாம். அழிக்கவோ வெள்ளை பூசவோ தாளைக் கிழிக்கவோ கூடாது. அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். ஏன் அடித்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் அதற்கு மதிப்பெண் உண்டு! கிறுக்கலாக, ஆனால் நடந்தது நடந்தபடி இருக்கும் குறிப்பேடு எட்டு வாங்குவதையும், முத்து முத்தான கையெழுத்து ஐந்து வாங்குவதையும் பார்த்த பிள்ளைகளுக்கு முதலில் கோபம்தான் வரும். நியாயமான கோபம். பன்னிரண்டு ஆண்டுகள் ஒன்றைச் சொல்லி வளர்த்துவிட்டு இப்போது வேறொன்றைக் கேட்கிறோம்.

இரண்டாவது இடம், விடைக்கு அருகில் நிற்கும் '±' குறி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஐந்தரையின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது.

தனி ஊசலையே எடுத்துக்கொள்வோம். நீளம் ஒரு மீட்டர், அதைக் குண்டின் மையம்வரை அளப்பதில் 2 மில்லிமீட்டர் தயக்கம். இருபது அலைவுகளுக்கு 40.14 வினாடி. ஸ்டாப்வாட்ச் நூறில் ஒரு வினாடிவரை காட்டுகிறது. ஆனால் அதை அமுக்குவது மனித விரல். தொடங்குவதிலும் நிறுத்துவதிலும் சேர்ந்து 0.2 வினாடி பிசகலாம். ஓர் அலைவின் நேரம் 2.007 வினாடி, பிசகு 0.01, அதாவது அரை சதவீதம். சூத்திரத்தில் நேரத்தின் வர்க்கம் வருவதால் அது ஒரு சதவீதமாகிறது. நீளத்தின் பங்கு 0.2 சதவீதம்தான். கணக்கிட்டால் 9.80, அதன் நிச்சயமின்மை ±0.10. "எனக்கு 9.8013 வந்தது" என்று எழுதும் மாணவர், தனக்குத் தெரியாத மூன்று இலக்கங்களைத் தெரிந்ததாகச் சொல்கிறார். "9.6 ± 0.3" என்று எழுதி, அந்த 0.3 எங்கிருந்து வந்தது என்று காட்டும் மாணவருக்கு அவரைவிட அதிகம் கிடைக்கும். நிச்சயமின்மையைச் சொல்வதற்கான பொது இலக்கணத்தை 1993இலேயே ஐஎஸ்ஓ வழிகாட்டி நூலாக வெளியிட்டுவிட்டது. முதலாண்டு ஆய்வகங்களில் சொல்லித்தருவது அதன் எளிய வடிவம்.

இதில் நான் விரும்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பூமி முழுக் கோளம் அல்ல, சுற்றவும் செய்கிறது. ஆகவே புவியீர்ப்பு முடுக்கம் ஊருக்கு ஊர் மாறுகிறது. மெல்போர்னில் ஏறத்தாழ 9.800. சிட்னியில் 9.797. பூமத்தியரேகைக்கு அருகில் இருக்கும் சென்னையில் 9.783. அப்படியானால் சென்னைக் கல்லூரி ஒன்றில் அச்சாக 9.80 எழுதி முழு மதிப்பெண் வாங்கிய ரெக்கார்டு நோட்டு எந்த ஊர்ப் புவியீர்ப்பை அளந்தது? மாணவர்கள் சிரிப்பார்கள். சரி, உங்கள் ஊசலால் சென்னைக்கும் சிட்னிக்கும் உள்ள அந்த 0.014 வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று அடுத்துக் கேட்பேன். அப்போதுதான் உண்மையான வேலை தொடங்கும். இருபது அலைவு போதாது. முந்நூற்று முப்பதாவது வேண்டும், அதாவது பதினோரு நிமிடம் எண்ண வேண்டும். நீளத்தை 0.3 மில்லிமீட்டருக்குள் அளக்க வேண்டும். பத்து டிகிரி கோணத்தில் இழுத்து விட்டால் அலைவு நேரம் சற்றுக் கூடி, விடை 0.037 குறைந்துபோகும்; நாம் தேடும் வித்தியாசத்தைப் போல இரண்டரை மடங்கு! இதை ஒரு மாணவி தானாகவே கணக்கிட்டு, "இந்த மேசையில் இதைச் செய்ய முடியாது, காரணங்கள் மூன்று" என்று எழுதினார். அவருக்கு நான் போட்டது ஒன்பதரை. சோதனை எதையும் கண்டுபிடிக்கவில்லை.

இதன் மறுபக்கம், சமைத்த அளவீடுகள். பார்த்தாலே தெரியும். உண்மையான புள்ளிகள் வரைபடத்தில் நேர்கோட்டின் இருபுறமும் சிதறி நிற்கும். சமைத்தவை ராணுவ அணிவகுப்பு போல் கோட்டின்மேலேயே நிற்கும். மாணவர் இதை ஏமாற்று என்று நினைத்துச் செய்வதில்லை, ஆசிரியருக்குப் பிடித்த விடையைத் தரும் பணிவு என்று நினைக்கிறார். ஆனால் பல்கலைக்கழகத்தின் விதிப்புத்தகத்தில் இதற்குக் கல்வி நேர்மை மீறல் என்று பெயர். முதல் முறை எச்சரிக்கையோடு போகலாம், மறுமுறை குழு விசாரணைவரை போகலாம். ஆகவே பருவத்தின் முதல் வாரத்திலேயே தமிழ்ப் பிள்ளைகள் கண்ணில் பட்டால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன்: "தம்பி, இங்கே தப்பான விடைக்குத் தண்டனை இல்லை. பொய்யான விடைக்கு உண்டு."

மதிப்பெண் போடுபவர்கள் யார்? பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்கள், மணிக்கணக்குக் கூலிக்கு. ஒருவர் தாராளம், இன்னொருவர் கஞ்சம். இதைச் சமன்செய்யப் பருவத் தொடக்கத்தில் ஒரே குறிப்பேட்டை எல்லோரும் திருத்தி ஒப்பிடுவதும், இறுதியில் குழுச் சராசரிகளைப் பார்த்துச் சரிசெய்வதும் உண்டு. முழுதாகச் சமமாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். திருத்துவதற்கான நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதும் பெரிய பிரச்சினை. உண்மையில் ஆன நேரத்தை விட்டுவிட்டு, மணிக்கு இத்தனை சொற்கள், மாணவருக்கு இத்தனை நிமிடம் என்ற அளவுகோலில் கூலி தந்த வழக்கம் பொதுவெளிக்கு வந்தது. 2024 டிசம்பரில் மெல்போர்ன் பல்கலைக்கழகம் 25,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு 7.2 கோடி டாலருக்கும் மேல் நிலுவை தருவதாக ஃபேர் ஒர்க் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்தோடு உடன்பாடு செய்துகொண்டது. பத்து நிமிடத்தில் திருத்த வேண்டிய குறிப்பேட்டில் மாணவர் ஏன் ஒரு வரியை அடித்தார் என்று யோசிக்க எத்தனை வினாடி மிஞ்சும் என்பதை வாசகர்களே கணக்கிடலாம்.

இவ்வளவு செலவு செய்து நடத்தும் ஆய்வகத்தால் பயன் உண்டா என்ற கேள்வியும் எழாமல் இல்லை. அமெரிக்காவில் நடாஷா ஹோம்ஸ், நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் ஆகியோர் அடங்கிய குழு 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மூன்று கல்வி நிலையங்களின் ஒன்பது ஆய்வகப் பாடங்களைப் பார்த்தார்கள். விரிவுரையில் படித்த பாடத்தை உறுதிப்படுத்துவதற்கென்றே நடத்தப்படும் ஆய்வகம், தேர்வு மதிப்பெண்ணைக் கொஞ்சமும் உயர்த்தவில்லை. எனக்கு இது வியப்பாக இல்லை. ஓம் விதி சரியா என்று பார்க்கப் பதினெட்டு வயதுப் பிள்ளை மூன்று மணி நேரம் செலவிட வேண்டியதில்லை. அது சரிதான் என்று அவருக்கே தெரியும். எப்படி அளப்பது, அளந்ததை எவ்வளவு நம்புவது என்று கற்பிக்கும் ஆய்வகத்துக்குத்தான் நியாயம் இருக்கிறது. இங்கே பள்ளிகளும் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கின்றன. விக்டோரியாவில் விசிஇ மாணவர்கள் தாங்களே ஒரு சோதனையை வடிவமைத்துச் சுவரொட்டியாகத் தர வேண்டும். இலங்கையில் உயர்தரம் படித்துவிட்டு வருபவர்களுக்குக் கணக்கில் கை வேகம் அதிகம். கருவியைத் தொடும் பழக்கம் குறைவு என்பது நான் கண்டது. 2020இல் பெருந்தொற்றால் வகுப்புகள் மூடப்பட்டபோது எல்லோர் நிலையும் ஒன்றானது. கைபேசியின் முடுக்க உணரியையே கருவியாக்கி, அதைக் கயிற்றில் கட்டி ஆட்டினார்கள். சில சோதனைகள் ஆய்வகத்தில் செய்ததைவிட நன்றாகவே அமைந்தன.

வெளிநாட்டு மாணவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். பாடத்தில் போதிய முன்னேற்றம் காட்ட வேண்டும் என்பது மாணவர் விசாவின் நிபந்தனைகளில் ஒன்று. ஆகவே ஹர்டிலில் தடுக்கி விழுவது மீண்டும் கட்டணம் கட்டுவதோடு முடியாமல் போகலாம். காய்ச்சல் என்றால் ஆய்வகத்தைச் சும்மா விட்டுவிடாதீர்கள். மருத்துவச் சான்றோடு 'ஸ்பெஷல் கன்சிடரேஷன்' கேட்டு, குறிப்பிட்ட நாட்களுக்குள் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலும் வேறொரு நாளில் அதே சோதனையைச் செய்ய இடம் தருவார்கள். மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் டெமான்ஸ்ட்ரேட்டரிடம் நேராகவே கேட்கலாம், அதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதுகூட இங்கே வழக்கம்தான். ஆனால் என்னிடம் வந்த தமிழ்ப் பிள்ளைகளில் ஒருவர்கூடக் கடைசிவரை 'சார்' என்பதை விடவில்லை.